கலியாணமும் குருப்பட்டமும்: வகுப்பு முடிந்த பிறகு கேட்கிற கேள்விகள்

கலியாணம் கட்டப்போகிற பிள்ளைகளுக்கு மட்டக்களப்பில் எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (கோயில் சமூகத்தில்) நடக்கும் ஆயத்த வகுப்பில் நானும் ஒரு பாடம் எடுக்கிறேன். வகுப்பில் "கேள்வி இருக்கா?" என்றால் எல்லாரும் நிலத்தைப் பார்ப்பார்கள். முடிந்து வெளியே வந்து மோட்டார் சைக்கிளை எடுக்கும்போதுதான் ஒவ்வொருவராக வருவார்கள், "அக்கா, ஒரு சின்ன விசயம்" என்று. அந்தச் சின்ன விசயங்கள்தான் இவை. நான் சட்டம் படித்த ஆள் இல்லை, ஆகவே சொந்தச் சிக்கல் என்றால் இதைக் காட்டி வாதாடாமல் பங்குத்தந்தையிடம் போங்கள்.

ஏழு திருவருட்சாதனத்தில் குருத்துவத்தையும் திருமணத்தையும் ஏன் ஒரே பாடமாக எடுக்கிறீர்கள்?

திருவருட்சாதனம், சுருக்கமாகச் சாதனம், என்றால் கடவுளின் அருளைத் தருகிற திருச்சடங்கு. திருச்சபையின் மறைக்கல்வி நூலே ஏழையும் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. ஞானஸ்நானம், உறுதிபூசுதல், நற்கருணை மூன்றும் ஒருவரைக் கிறிஸ்தவராக்குகின்றன. பாவசங்கீர்த்தனமும் நோயில்பூசுதலும் சுகம் தருகின்றன. மிச்சம் இரண்டும் மற்ற ஆளுக்காகத் தரப்படுகிறவை. ஒரு பாதர் தன் பாவத்தைத் தானே மன்னிக்க ஏலாது, அவரும் இன்னொரு பாதரிடம் போய் முழந்தாளிட வேண்டும். கணவன், மனைவி என்பதும் அதே மாதிரி, தனக்குத் தானே யாரும் மனைவியாக இருக்க முடியாது.

எங்கள் ஆட்கள் மனதில் குருத்துவம் மேல்மாடி, கலியாணம் கீழ்வீடு. "சாமியாராகப் போகாட்டி என்ன, ஒரு கலியாணத்தைக் கட்டு" என்று பேசுவதிலேயே அது தெரியும். 1563இல் திரெந்து பொதுச்சங்கம் (ஆயர்களின் பெரிய கூட்டம்) ஆடி மாதம் குருத்துவத்தைப் பற்றியும் கார்த்திகை மாதம் திருமணத்தைப் பற்றியும் தனித்தனியாகப் படிப்பினை கொடுத்தது, இரண்டையுமே கிறிஸ்து ஏற்படுத்திய சாதனம் என்றுதான் சொன்னது. திருமணம் வெறும் உலக ஒப்பந்தம் என்று அப்போது பலர் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

சரி, இந்தச் சாதனத்தை யார் தருகிறார்?

வகுப்பில் நான் அதிக நேரம் நிற்கும் இடம் இதுதான்.

குருத்துவத்தில் ஆயர் தருகிறார். திருநிலைப்படுத்தலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், எவ்வளவு நீளமான பூசை அது. பட்டம் பெறுகிறவர் பீடத்துக்கு முன்னால் குப்புறக் கிடப்பார், புனிதர்களின் மன்றாட்டு மாலை பாடுவார்கள், உள்ளங்கையில் கிறிஸ்மா தைலம் பூசுவார்கள், கிண்ணமும் தட்டும் கையில் கொடுப்பார்கள், தாய் ஒரு பக்கம் அழுதுகொண்டிருப்பார். ஆனால் சாதனம் நடக்கிற இடம் இவை எதுவும் இல்லை. ஆயர் ஒரு வார்த்தையும் பேசாமல் தலையில் இரு கைகளையும் வைக்கிறாரே, அதுவும் அதற்கடுத்து அவர் சொல்லும் அர்ச்சிப்பு மன்றாட்டும்தான். கிண்ணம் கொடுப்பதும் அவசியமா என்று பல நூற்றாண்டு விவாதம் இருந்தது, 1947இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் தேவையில்லை என்று முடித்து வைத்தார்.

இப்போது கலியாணத்துக்கு வாருங்கள். "பாதர் கட்டி வைக்கிறார்" என்று எல்லாரும் சொல்கிறோம். இல்லை. எங்கள் இலத்தீன் (உரோமை வழிபாட்டு முறை) திருச்சபையில் மணமகனும் மணமகளும்தான் ஒருவருக்கொருவர் இந்தச் சாதனத்தைக் கொடுக்கிறார்கள். பாதர் திருச்சபையின் பெயரால் சம்மதத்தைக் கேட்டு வாங்குகிற அதிகாரபூர்வமான சாட்சி. "இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும்" என்று ஆளுக்கு ஆள் சொல்லி முடிக்கிற அந்த அரை நிமிடத்தில் எல்லாம் ஆகிவிட்டது. மோதிரமும் தாலியும் மறுகாதான். தாலி எங்கள் வழக்கம், அழகான வழக்கம், நானும் கட்டியிருக்கிறேன். ஆனால் தாலிக்கு எல்லாரும் எழும்பி நின்று ஃபோனைத் தூக்குகிறார்கள், அதற்கு முன்னால் வாக்குச் சொல்லும்போது வீடியோக்காரர் "கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்கோ" என்று மாப்பிள்ளையின் நாடியைத் திருப்புகிறார். அந்த இடத்தில் மட்டும் யாரும் கிட்ட வரக்கூடாது என்று முதலிலேயே சொல்லி வையுங்கள்.

பாதர் வெறும் சாட்சி என்றால், அவர் இல்லாமலே கட்டலாமே?

முந்தி அப்படியும் நடந்தது. ஐரோப்பாவில் இருவர் தனியாக வாக்குக் கொடுத்துக்கொண்டாலே திருமணம் என்று இருந்த காலம் உண்டு. பிறகு ஒருவன் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு போவான், முதல் பெண்ணுக்கு நியாயம் கேட்க ஒரு சாட்சியும் இருக்காது. அதனால்தான் 1563இல் பங்குத்தந்தையும் சாட்சிகளும் வேண்டும் என்று சட்டம் வந்தது. இன்றைக்கும் அதுவே: பங்குத்தந்தை, ஆயர், அல்லது அவர்கள் அதிகாரம் கொடுத்த இன்னொரு குரு அல்லது தியாக்கோன் (குருவுக்குக் கீழ்ப்படியில் பட்டம் பெற்றவர்), கூடவே இரண்டு சாட்சிகள். வெளியூர்ப் பாதர் உங்கள் மாமாவாகவே இருந்தாலும் இங்குள்ள பங்குத்தந்தையிடம் அதிகாரம் வாங்காமல் கட்டி வைத்தால் அது செல்லாமல் போகலாம்.

எழுத்து (சட்டப் பதிவு) முடித்துவிட்டோம். கோயிலில் கட்டாமல் ஒன்றாக இருக்கலாமா?

நாட்டுச் சட்டப்படி நீங்கள் கணவன் மனைவி. திருச்சபை முன்னால், ஒருவர் கத்தோலிக்கர் என்றாலும், இன்னும் இல்லை. எழுத்தைச் சின்னதாக முடித்துவிட்டு ஹோலுக்குக் காசு சேரட்டும் என்று கோயில் கலியாணத்தைத் தள்ளிப் போடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், இரண்டு பிள்ளை பிறந்த பிறகும் ஹோலுக்குக் காசு சேராது. ஹோல் வேண்டாம். ஒரு கிழமை நாள் காலைப் பூசையில் நான்கு பேரோடு வந்து கட்டினாலும் அது முழுக் கலியாணம். பிள்ளைகளோடு வந்தாலும் எந்தப் பாதரும் துரத்தமாட்டார், ஒழுங்குபடுத்த வழி இருக்கிறது.

அவர் கட்டாரில், லீவு இல்லை. வட்ஸ்அப் வீடியோவில் சம்மதம் சொல்லலாமா?

ஏலாது. இருவரும் ஒரே இடத்தில் நேரில் நிற்க வேண்டும். ஆச்சரியம் என்னவென்றால், வீடியோவை ஏற்காத சட்டம் பதிலாளை ஏற்கிறது. இன்ன பெண்ணைக் கட்ட இன்னார் எனக்காக நிற்கிறார் என்று முறைப்படி எழுதிச் சாட்சியோடு கையெழுத்திட்ட பத்திரம் இருந்தால், பதிலாள் நின்று சம்மதம் சொல்லலாம். ஆனால் பங்குத்தந்தை ஆயரிடம் அனுமதி வாங்க வேண்டும், நாட்டுச் சட்டப் பதிவு வேறு விசயம். நான் சொல்வது, ஆளை வரச் சொல்லுங்கள். வராதவருடைய தம்பி பக்கத்தில் நின்று "உம்மை நேசிப்பேன்" என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்?

மாமாவின் மகளைக் கட்டலாமா? எங்களில் அதுதானே உரிமை.

எங்கள் பகுதியில் குடி (வம்சக் குழு) தாய்வழியாக வருகிறது. தாயின் அக்கா தங்கையின் பிள்ளைகள் ஒரே குடி, ஆகவே சகோதரம், கட்டவே முடியாது. மாமாவின் மகள், மாமியின் மகள் வேறு குடி, ஆகவே மச்சாள், கட்டலாம். இதுதான் எங்கள் கணக்கு. திருச்சபைச் சட்டத்துக்கு இந்தக் குடிக் கணக்குத் தெரியாது. அதற்குச் சின்னம்மாவின் மகளும் மாமாவின் மகளும் ஒன்றுதான், இருவருமே நான்காம் படி உறவு. எண்ணுகிற விதம் லேசு: நீங்கள், உங்கள் அம்மா, மாமா, அவர் மகள் என்று பொதுவான தாத்தா பாட்டியை விட்டு ஆட்களை எண்ணினால் நான்கு. நான்காம் படி வரை தடை.

ஆனால் அந்தத் தடையை ஆயர் தளர்த்தலாம். பங்குத்தந்தை மூலம் எழுதிக் கேட்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், கலியாணத்துக்கு முன்னாலேயே கையில் கிடைக்க வேண்டும். அழைப்பிதழ் அடித்த பிறகு ஓடி வந்தால் எல்லாருக்கும் தலைவலி. இரண்டாம் படி மச்சாள், அதாவது பெற்றோரின் மச்சானுடைய மகள் என்றால் இப்போது தடையே இல்லை. 1983க்கு முந்தைய சட்டத்தில் அதற்கும் தடை இருந்தது, அதனால்தான் சில பெரியவர்கள் இன்னும் "அதுக்கும் மேற்றாணியாரிடம் கேட்க வேணும்" என்பார்கள், மேற்றாணியார் என்றால் ஆயர்தான். அண்ணன், அக்காவின் மகளைக் கட்டுவது எங்கள் நாட்டுப் பொதுச் சட்டத்திலேயே செல்லாது, எங்கள் வழக்கத்திலும் இல்லை, அதனால் அதை யாரும் கேட்டதும் இல்லை.

மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். கோயில் என்ன சொல்கிறது?

தொடக்க நூல் 2ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள், "கணவன் தன் தாய் தந்தையை விட்டுவிட்டுத் தன் மனைவியுடன் ஒன்றித்திருப்பான்" என்று இருக்கிறது. மற்ற ஊர்களில் பெண் புறப்பட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போவாள், அங்கே இந்த வசனத்தை விளங்கப்படுத்தப் பிரசங்கம் வேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெடியன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உண்மையாகவே மனைவி வீட்டுக்கு வருகிறான், எங்களுக்கு விளக்கம் தேவையில்லை. கோயில் இந்த வழக்கத்தில் தலையிடுவதில்லை. ஒன்று மட்டும்: விட்டுவிட்டு வருவது மாமியாரிடம் ஒப்படைப்பதற்காக இல்லை. புது வீட்டின் ஒவ்வொரு முடிவும் பெண்ணின் தாயிடம் போய்த்தான் வர வேண்டும் என்றால் விட்டதும் வீண், ஒன்றித்ததும் வீண்.

சீதனம் பேசினால் கலியாணம் செல்லாதா?

பேசினதால் மட்டும் செல்லாமல் போகாது. மகளுக்கு வீடு கொடுப்பது இங்கே ஆழமாக ஊறின வழக்கம், அந்த வீடு பல பெண்களுக்குப் பாதுகாப்பாகவும் இருந்திருக்கிறது, ஆகவே எல்லாவற்றையும் ஒரே அடியாகத் திட்ட எனக்கு மனம் இல்லை. ஆனால் திருச்சபைச் சட்டம் 1102 ஒரு விசயம் சொல்கிறது: எதிர்காலத்தில் நடக்க வேண்டிய ஒன்றை நிபந்தனையாக வைத்துச் சம்மதம் சொன்னால் அந்தத் திருமணம் செல்லாது. "வருகிற வருடம் வளவை என் பெயருக்கு எழுதினால்தான் நீ என் மனைவி" என்று ஒருவன் உண்மையாகவே மனதில் கட்டி வைத்துக்கொண்டு பீடத்தில் நின்றால், அவன் கொடுத்தது சம்மதமே இல்லை. கலியாணத்துக்கு முன் பங்குத்தந்தை இருவரையும் தனித்தனியே கூப்பிட்டு எழுதி எழுதிக் கேள்வி கேட்கிறாரே, அதில் "ஏதாவது நிபந்தனை இருக்கா" என்று கேட்பது சும்மா இல்லை. அங்கே பொய் சொல்லாதீர்கள். யாராவது வற்புறுத்தினால் அதைச் சொல்லக்கூடிய கடைசி இடமும் அதுதான், அம்மா அப்பா பக்கத்தில் இருக்கமாட்டார்கள்.

அவர் சைவம், நான் வேதம் (கிறிஸ்தவம்). காலையில் அவர்கள் கோயிலில் தாலி, பின்னேரம் மாதா கோயிலில் பூசை, இரண்டும் வைக்கலாமா?

கோயில் என்றாலே இங்கே எந்தக் கோயில் என்று கேட்க வேண்டிய ஊர், இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை. இரண்டு சடங்கிலும் சம்மதம் கொடுப்பதைச் சட்டம் தடுக்கிறது. ஒரு வாக்கை ஒரு தரம்தான் கொடுக்கலாம். மற்றக் குடும்பத்தின் பெரியவர்கள் ஆசீர்வதிப்பது, விருந்து, உறவுமுறைச் சடங்கு எல்லாம் வேறு, எது எதற்குள் வரும் என்று பாதரோடு முன்கூட்டியே இருந்து பேசுங்கள்.

ஞானஸ்நானம் பெறாத ஒருவரைக் கட்ட ஆயரின் விதிவிலக்கு கட்டாயம், அது இல்லாமல் செல்லாது. அவர் மதம் மாறத் தேவையில்லை. கத்தோலிக்கத் தரப்புத்தான், தன் விசுவாசத்தைக் காப்பேன், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து வளர்க்க என்னால் ஏலுமானதைச் செய்வேன் என்று வாக்குக் கொடுக்கும். மற்றவருக்கு அதைத் தெரியப்படுத்துவார்கள், கையெழுத்துக் கேட்கமாட்டார்கள். இது செல்லுபடியான திருமணம், ஆனால் ஒருவர் ஞானஸ்நானம் பெறாததால் சாதனம் என்று சொல்வதில்லை. மெதடிஸ்தரை, அதாவது வேறு சபைக் கிறிஸ்தவரைக் கட்டினால் கதை வேறு: விதிவிலக்கு இல்லை, அனுமதி போதும், இருவரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஆகையால் அது சாதனம்தான்.

கோயில் விவாகரத்துத் தருமா?

தராது. ஞானஸ்நானம் பெற்ற இருவர் முறையாகக் கட்டிச் சேர்ந்து வாழத் தொடங்கிய திருமணத்தைப் பாப்பரசராலும் பிரிக்க ஏலாது. மாவட்ட நீதிமன்றத்தின் தீர்ப்பு நாட்டுச் சட்டத்துக்கு மட்டும்.

திருச்சபையின் திருமண நீதிமன்றம் பார்ப்பது, தொடக்கத்திலேயே திருமணம் உண்டானதா என்று. பயமுறுத்திக் கட்டி வைத்தார்களா, ஏமாற்றினார்களா, பிள்ளையே வேண்டாம் என்று ஒருவர் மறைத்து முடிவெடுத்திருந்தாரா, பொறுப்பை ஏற்கிற மனநிலை இருந்ததா. இல்லை என்று தெரிந்தால் அது செல்லாது என்று அறிவிப்பார்கள். முந்தி இரண்டு நீதிமன்றம் ஒரே தீர்ப்புச் சொல்ல வேண்டும், பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் அதை மாற்றி ஒன்று போதும் என்றார். "அப்போ என் பிள்ளைகள்?" என்று அழுதுகொண்டு கேட்டவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளின் நிலை மாறாது, அவர்கள் முறைப்படி பிறந்த பிள்ளைகள்தான், சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

இன்னொன்று. கணவன் விட்டுப்போன பெண்கள், நாட்டுச் சட்டப்படி பிரிந்த பெண்கள், நற்கருணை வாங்கக்கூடாது என்று நினைத்துப் பின் வாங்கிலேயே இருந்துவிடுகிறார்கள். வேறு கலியாணம் கட்டாதவரை அப்படித் தடையே இல்லை. யார் சொன்னது என்று கேட்டால் "சனம் சொல்லுது" என்பார்கள்.

சரி, பாதர்மார் ஏன் கலியாணம் கட்டுவதில்லை? பேதுருவுக்கு மாமியார் இருந்தாரே?

இருந்தார், மாற்கு முதல் அதிகாரத்திலேயே காய்ச்சலில் கிடக்கிறார். மணமாகாமை விசுவாசக் கோட்பாடு இல்லை, ஒழுங்கு. 1139இல் இரண்டாம் இலாத்தரன் சங்கம் குருக்களின் திருமணம் செல்லாது என்று தெளிவாக்கியது. உக்ரேனியர், மரோனித்தர் போன்ற கீழைக் கத்தோலிக்கத் திருச்சபைகளில் மணமானவர் குருவாகலாம், ஆனால் பட்டம் பெற்ற பிறகு கட்ட முடியாது. ஆகவே முழுக் கத்தோலிக்கத்திலும் வாசல் ஒரு பக்கம்தான் திறக்கும்.

எங்கள் பக்கத்தில் ஏன் விடவில்லை என்று வாதாடலாம், நானும் சில நாள் வாதாடுவேன். ஆனால் யுத்த நேரத்தில் இங்கே இருந்த குருக்களை நினைத்தால் வாய் அடைத்துப்போகும். புளியந்தீவு மரியாள் ஆலயத்தில் இருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்க இயேசு சபைக் குரு இயூஜின் ஹீபர்ட், 1990 ஆவணியில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் கூட வந்த இளைஞரோடு காணாமல் போனார், இன்று வரை இல்லை. மனைவி பிள்ளை உள்ளவரும் அப்படி நின்றிருப்பார் என்று நீங்கள் சொல்லலாம், நின்ற தகப்பன்மாரும் இங்கே நிறைய இருந்தார்கள்.

கலியாணம் கட்டினவர் குருத்துவத்துக்குள் வரவே முடியாதா?

குருத்துவத்தில் மூன்று படி: ஆயர், குரு, தியாக்கோன். மணமானவர் 35 வயதுக்குப் பிறகு மனைவியின் சம்மதத்தோடு நிரந்தரத் தியாக்கோன் ஆகலாம் என்று சட்டம் இருக்கிறது, ஆயர் பேரவை அந்த முறையை ஏற்ற நாடுகளில். அவர் இரண்டு சாதனத்தையும் பெற்றவர். மனைவி இறந்த ஒருவர் குருவாகவும் வரலாம்.

பெண்கள்?

இல்லை. ஞானஸ்நானம் பெற்ற ஆண் மட்டும்தான் என்பது சட்டம், 1994இல் பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் இது திருச்சபையால் மாற்ற முடியாதது என்றே எழுதிவிட்டார். இதைக் கேட்கிற பிள்ளைகளின் முகம் எனக்குத் தெரியும், அதற்கு மேல் சொல்ல என்னிடம் இல்லை.

மகன் குருமடம் போக ஆசைப்படுகிறான். எவ்வளவு காலம்?

மெய்யியலும் இறையியலும் மட்டும் ஆறு வருடத்துக்குக் குறையக்கூடாது, அதற்கு முன்னும் நடுவிலும் வேறு பயிற்சிகள். 25 வயது முடியாமல் குருப்பட்டம் இல்லை, தியாக்கோன் பட்டத்துக்கும் அதற்கும் இடையில் ஆறு மாதமாவது போக வேண்டும். தமிழில் படிக்கிற பெரிய குருமடம் யாழ்ப்பாணம் கொழும்புத்துறையில். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டமும் சேர்ந்து 2012இல் தனி மறைமாவட்டம் ஆனது, அதற்கு முதல் திருகோணமலையோடு இருந்தோம். சொறிக்கல்முனைப் பிள்ளை என்றாலும் தன்னாமுனைப் பிள்ளை என்றாலும் பங்குத்தந்தையின் கடிதத்தோடு தொடங்க வேண்டும். இடையில் திரும்பி வந்தால் வெட்கம் இல்லை, அதைப் பிள்ளைக்குப் போகும் முன்னமே சொல்லி அனுப்புங்கள்.

பட்டத்தை விட்டுப்போன பாதர் இன்னும் பாதரா?

பணி செய்ய அனுமதி இல்லை, ஆனால் குருப்பட்டத்தால் ஆன்மாவில் பதிந்த முத்திரை அழியாது. சாகக் கிடக்கிற ஒருவர் கேட்டால் அவர் பாவசங்கீர்த்தனம் கேட்டுப் பாவமன்னிப்புக் கொடுக்கலாம், பக்கத்தில் வேறு குரு நின்றாலும். கலியாணத்துக்கு அப்படி முத்திரை கிடையாது, மரணம் வரைதான். கைம்பெண் மறுமணம் செய்யத் திருச்சபையில் தடையே இல்லை. ஊர்தான் தடை.

தவக்காலத்தில் கட்டலாமா?

பெரிய வெள்ளியும் பெரிய சனியும் கட்டவே முடியாது. மற்ற நாட்களில் முடியும், ஆடம்பரம் குறைத்து. பாதரைக் கேட்டு நாள் எடுங்கள், ஹோலைக் கேட்டு இல்லை.

குருவே வர முடியாத காலம் வந்தால்?

முற்றுகையும் வெள்ளமும் பார்த்த சனம் கேட்கிற கேள்வி இது. அதிகாரமுள்ள குரு ஒரு மாதத்துக்குள் வரமுடியாது என்று நியாயமாகத் தெரிந்தால், அல்லது ஒருவர் சாகும் நிலையில் இருந்தால், இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் இருவரும் சம்மதம் சொல்லிக் கட்டலாம், திருச்சபைச் சட்டம் 1116. அது முழுமையான திருமணம், இருவரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்றால் முழுமையான சாதனம், பிறகு பாதர் வந்து திரும்பக் கட்டி வைக்க வேண்டியதில்லை. சாட்சிகளும் தம்பதியும் பாதை திறந்தவுடன் பங்குத்தந்தையிடம் போய்ச் சொல்லிப் பதிவேட்டில் எழுதுவிக்க வேண்டும், திகதியையும் கட்டின இடத்தையும் மறக்காமல் குறித்து வைத்திருங்கள்.